நானோ மருந்து உடம்புக்குள் எங்கே போகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் நானோ மருத்துவம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கோலாலம்பூரின் பெரிய தனியார் மருத்துவமனைகளைத்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் அது இங்கே வந்து வெகுநாளாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் நான்கு மணி நேரம் இருந்துவிட்டு வரும் பெரியவர்களிடம், "பாட்டி, இன்றைக்கு இரும்பு மருந்து போடணும்" என்று சொல்லி மிஸ்ஸி (நர்ஸ்) ஏற்றும் பழுப்பு நிற மருந்து இருக்கிறதே, அது நானோ மருந்துதான். யாரும் அதை அப்படி அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த மருந்தைப் புரிந்துகொண்டால் நானோ மருத்துவத்தில் பாதியைப் புரிந்துகொண்ட மாதிரி. ரத்தச் சிவப்பணுக்கள் உருவாக எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் வேண்டும். அதைச் சுரப்பது சிறுநீரகம். சிறுநீரகம் பழுதானால் ரத்தம் குறைகிறது. டயாலிசிஸில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரத்தம் வீணாவதால் இரும்பும் குறைகிறது. மாத்திரையில் கொடுக்கும் இரும்பு இவர்களில் பலருக்குப் போதாது. சரி, நேராக ரத்தத்தில் ஏற்றிவிடலாமே என்றால், தனித்துத் திரியும் இரும்பு உடம்புக்கு நஞ்சு. அதனால் சில நானோமீட்டர் அகலமுள்ள ஒரு இரும்புக் கருவைச் சுற்றிச் சர்க்கரை மூலக்கூறுகளால் உறை போடுகிறார்கள். அயர்ன் சுக்ரோஸ் என்பது இதுதான். ஈரலிலும் மண்ணீரலிலும் இருக்கும் துப்புரவுச் செல்கள் இந்தத் துகள்களை விழுங்கி, இரும்பைப் பிரித்து, உடம்பு கையாளக்கூடிய வேகத்தில் வெளியே விடுகின்றன. வெறும் இரும்பாகப் போனால் கெடுதல் செய்வது, துகளாகப் போனால் மருந்தாகிறது.

நம் ஆட்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இருந்தது. இந்தியர்களிடையே அது சுமார் 31 விழுக்காடு, எல்லா இனங்களிலும் அதிகம். நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் 50,000 பேருக்கு மேல், புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இனிப்புநீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரஸ்ஸரும் (மருத்துவ உதவியாளரும்) போய், தோட்டமே துண்டாடப்பட்டு, தாமான் என்ற வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த குடும்பங்களில் டயாலிசிஸுக்குப் போகிற ஒருவரையும் தெரியாத வீட்டைக் காட்டுவது கஷ்டம்.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 முதல் 100,000 நானோமீட்டர். சிவப்பணு ஒன்றின் குறுக்களவு சுமார் 7,000. மரபணுவைத் தாங்கும் டிஎன்ஏ இழையின் அகலம் 2. பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான துகள்களைத்தான் நானோ என்கிறார்கள். மருத்துவத்தில் அதற்குச் சற்றுப் பெரியவையும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றன.

இவ்வளவு சிறிதாக்கினால் என்ன மாறுகிறது? ஒன்று, மேற்பரப்பு. தேங்காயைப் பத்தையாகவே வெந்நீரில் போட்டால் பால் இறங்காது, துருவிப் போட்டால் இறங்கும். பொருள் அதே அளவுதான், வெளியே தெரியும் பரப்புதான் கூடியிருக்கிறது. நானோ அளவில் இது பல்லாயிரம் மடங்காகிறது. பெரிய கட்டியாக இருக்கும்போது சும்மா கிடக்கும் பொருள், துகளானதும் சுற்றியிருப்பவற்றோடு வேகமாக வினைபுரிகிறது. இரண்டாவது, நிறம் போன்ற குணங்களே மாறிவிடுகின்றன. கோவிட் காலத்தில் மூக்கைக் குடைந்து செய்த ஆர்டிகே சோதனையில் வந்த சிவப்புக் கோடு பெரும்பாலான கருவிகளில் தங்கம். கிளினிக்கில் டெங்கி இருக்கிறதா என்று பார்க்கும் பட்டையிலும் அதே தங்கம். சில பத்து நானோமீட்டர் அளவில் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே தங்கக் கரைசலின் இந்தச் சிவப்பை ஆராய்ந்திருக்கிறார். இந்தத் தங்கம் அட்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது, உடம்புக்குள் வருவதில்லை. ஆகவே இதில் பயப்பட ஒன்றுமில்லை.

உடம்புக்குள் போகும் துகள்தான் கேள்விக்குரியது. எங்கே போகிறது, யார் அதைப் பிடிக்கிறார்கள், எவ்வளவு நாள் தங்குகிறது, கடைசியில் எப்படி வெளியேறுகிறது? நானோ மருந்தின் நன்மை தீமை இரண்டும் இந்தப் பயணத்தில்தான் இருக்கின்றன. சின்னதாக இருப்பதால் மற்ற மருந்து போக முடியாத இடத்துக்குப் போகிறது. அதே காரணத்தால் நாம் அனுப்ப நினைக்காத இடத்துக்கும் போகிறது.

புற்றுநோய் மருந்தில் இது தெளிவாகத் தெரியும். டாக்சோருபிசின் என்பது பழைய, பலமான புற்றுநோய் மருந்து. அதன் பெரிய குறை, இதயத்தசையைக் கெடுப்பது. 1960-களில் அலெக் பாங்கம் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, சில கொழுப்புகள் தண்ணீரில் தாமாகவே உள்ளீடற்ற நுண்குமிழ்களாகச் சேர்வதைக் கண்டார். லிப்போசோம் என்று பெயர் பெற்ற அந்தக் குமிழுக்குள் டாக்சோருபிசினை அடைத்து, மேலே பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற இழைகளைப் போர்த்தி, 1995-ல் அமெரிக்காவில் டாக்சில் என்ற பெயரில் அனுமதி வாங்கினார்கள். நானோ மருந்துகளில் முதன்மையானதாக இதைத்தான் சொல்வார்கள். வெறும் மருந்தாக ஏற்றினால் ரத்தத்திலிருந்து சீக்கிரம் போய்விடுவது, குமிழில் அடைத்தால் நாள்கணக்கில் சுற்றுகிறது. இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவர் நெருக்கமானது, 100 நானோமீட்டர் குமிழ் அதைத் தாண்டாது. புற்றுக்கட்டியின் குழாய்கள் அவசரத்தில் வளர்ந்தவை, ஓட்டைகள் உள்ளவை. 1986-ல் ஜப்பானில் மாட்சுமுராவும் மயேதாவும் இந்தக் கசிவை விளக்கியபோது, மருந்து தானாகவே கட்டியில் போய்ச் சேரும் என்ற பெரிய நம்பிக்கை பிறந்தது.

நம்பிக்கையின் ஒரு பகுதி பலித்தது. டாக்சில் போட்டவர்களுக்கு இதயச் சேதம் குறைந்தது. ஆனால் நாள்கணக்கில் சுற்றும் குமிழ் உள்ளங்கை, உள்ளங்காலின் நுண்குழாய்களிலும் கசிந்து, தோல் சிவந்து உரிந்து வலிக்கிற புதிய பக்கவிளைவைக் கொண்டுவந்தது. அலுவலக நாற்காலியில் இருப்பவருக்கே இது கொடுமை. ரப்பர் பால் வெட்டியோ செம்பனைக் குலை தூக்கியோ பிழைக்கும் கைகளுக்கு எப்படி இருக்கும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு சிகிச்சைக்குப் போகிறவர்கள், என்ன வேலை செய்கிறோம் என்பதைச் சொல்லத் தயங்கவே கூடாது. மருந்தளவையும் இடைவெளியையும் தீர்மானிக்க அது உதவும் தகவல்.

இதே வழியில் வந்த இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். பாக்லிடாக்சல் என்ற மருந்து தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருளே பலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தந்தது. 2005-ல் வந்த அப்ராக்சேன், மருந்தை ரத்தத்திலேயே இருக்கும் அல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கியது, எண்ணெய் தேவையில்லாமல் போனது. இந்தியாவில் 2021-ல் கறுப்புப் பூஞ்சை பரவியபோது தட்டுப்பாடாகிச் செய்தியில் அடிபட்ட ஆம்ஃபோடெரிசின் ஊசியும் லிப்போசோம் வகைதான். பழைய ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், குமிழில் அடைத்தது அந்தக் கெடுதலைக் குறைக்கிறது.

கவனித்தால் இந்த வெற்றிகளுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை தெரியும். மருந்து புதியதல்ல, பழைய மருந்தின் கொடுமை குறைந்திருக்கிறது. நோயாளிக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் "புற்றுநோயைத் தேடிப்போய் அழிக்கும்" என்று நாளிதழ்களில் வரும் வாக்கியத்துக்கும் இதற்கும் நிறைய தூரம். 2016-ல் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சானின் குழு, பத்தாண்டுகளில் வெளிவந்த 117 விலங்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஊசியில் போன துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது நடுக்கணக்கில் 0.7 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துவிடுகின்றன. டயாலிசிஸ் நோயாளிக்கு இரும்பைப் பக்குவமாக்கித் தரும் அதே துப்புரவுச் செல்கள்தான் இங்கே குறுக்கே நிற்கின்றன. அவற்றின் வேலையே அதுதான்: ரத்தத்தில் வரும் அந்நியத் துகளைப் பிடிப்பது. ஆய்வகத்தில் எலிக்குக் கட்டி கரைந்த செய்தியைப் படித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டு "அந்த நானோ மருந்து வரட்டும்" என்று காத்திருப்பவர்களிடம் இந்த 0.7-ஐ யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

இனி தடுப்பூசி. 2021 பிப்ரவரி 24 அன்று, அப்போதைய பிரதமர் முகிதீன் யாசின் போட்டுக்கொண்ட ஊசியோடு மலேசியாவில் கோவிட் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அது ஃபைசர் ஊசி. அதற்குள் இருந்தது ஒரு மரபுச் செய்தி, அதாவது எம்ஆர்என்ஏ. தனியாக விட்டால் உடம்பின் நொதிகள் அதை உடனே நறுக்கிவிடும், செல்லுக்குள்ளும் அது நுழையாது. நான்கு வகைக் கொழுப்புகள் சேர்ந்த, சுமார் 100 நானோமீட்டர் துகளுக்குள் வைத்ததால்தான் அது வேலை செய்தது. காத்தலின் கரிக்கோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் 2023-ல் நோபல் பரிசு கிடைத்தது எம்ஆர்என்ஏவின் எழுத்துகளை மாற்றியமைத்த கண்டுபிடிப்புக்கு; கொழுப்புத் துகள் வேறு பலரின் பல்லாண்டு உழைப்பு. அந்தத் துகள் கோவிட்டுக்காக அவசரமாகப் பிறந்ததும் அல்ல. 2018-லேயே அரிதான ஒரு நரம்பு நோய்க்கான மருந்தில் இதே வகைத் துகள் அனுமதி பெற்றிருந்தது.

அந்த மாதங்களில் "ஊசிக்குள் சிப் இருக்கிறதாம்" என்ற வாட்ஸ்அப் செய்தி நம் தாமான்களில் எப்படிப் பரவியது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். பயந்தவர்களைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி சரியானது: உள்ளே போன பொருள் எங்கே போகிறது? பதில் அவர்களுக்குப் புரியும் தமிழில் நேரத்துக்கு வரவில்லை. பதில் இதுதான். துகள்களில் பெரும்பகுதி ஊசி போட்ட தசையிலும் பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் தங்குகிறது. ஒரு பங்கு ஈரலுக்குப் போகிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டின. எம்ஆர்என்ஏ கொஞ்ச காலத்தில் சிதைந்துவிடுகிறது. ஆபத்தும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. இளம் ஆண்களில் சிலருக்கு, பெரும்பாலும் இரண்டாவது ஊசிக்குப் பிறகு, இதயத்தசை அழற்சி வந்தது, பெரும்பாலானோர் குணமானார்கள். பத்து லட்சத்தில் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்தது. துகளைப் போர்த்தியிருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்காலின் மேல் அப்போது சந்தேகம் விழுந்தது. டாக்சிலிலும் இருக்கும் பொருள் அது. சிலரின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஊசிக்குப் பிறகு பதினைந்து நிமிடம் உட்காரச் சொன்னது இப்படிப்பட்ட ஒவ்வாமை வந்தால் உடனே கவனிப்பதற்காகத்தான்.

நானோ மருந்தில் பொதுமக்கள் அதிகம் பேசாத, ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியை நம்பியிருக்கும் நமக்கு மிகவும் வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது: மலிவு மருந்து. சாதாரண மாத்திரைக்குக் காப்புரிமை முடிந்ததும் வேறு கம்பெனி அதே மூலக்கூறைச் செய்யலாம். பாராசிட்டமால் யார் செய்தாலும் பாராசிட்டமால். நானோ மருந்து அப்படியல்ல. மூலக்கூறு ஒன்றாக இருந்தாலும் துகளின் அளவு, உறையின் தடிமன், அவிழும் வேகம் மாறினால் உடம்புக்குள் அதன் பயணமே மாறிவிடும். 2011-ல் பிரான்சில் வெளியான ஓர் ஆய்வில், டயாலிசிஸ் நோயாளிகளை மூல அயர்ன் சுக்ரோஸிலிருந்து அதைப்போன்ற இன்னொரு தயாரிப்புக்கு மாற்றினார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு இறங்கியது, ஈடுகட்டக் கூடுதல் இரும்பும் கூடுதல் எரித்ரோபொயட்டினும் தேவைப்பட்டன. மலிவு மருந்தே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மலிவு மருந்து இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேருக்கு மருந்தே இல்லை. டாக்சிலுக்கே 2013-ல் முதல் மலிவு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது, முறையான சோதனைக்குப் பிறகு. ஆக, செய்ய முடியும். சோதனைதான் கடுமையாக இருக்க வேண்டும். நோயாளி தரப்பில் செய்யக்கூடியது, இரும்பு மருந்தின் பெயர் மாறினால் தேதியோடு குறித்துவைத்து, அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுவது. படித்த பேரப்பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வேலையை ஏற்றுக்கொள்ளலாம்.

நீண்டகால ஆபத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் ஏற்கெனவே கிடைத்துவிட்டன. கார்பன் நானோகுழாய்களில் நீண்டு விறைப்பாக இருக்கும் வகை, எலிகளின் வயிற்றுக்குழிச் சவ்வில் ஆஸ்பெஸ்டாஸ் மாதிரியே அழற்சியை உண்டாக்கியதை 2008-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2014-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதில் ஒரு வகையை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டையாக்சைடில் நானோ அளவுத் துகள்களும் கலந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அதை உணவிலிருந்து தடைசெய்தது, மருந்தில் மட்டும் மாற்று கிடைக்கும்வரை அனுமதித்திருக்கிறது. கரைந்து மறையும் கொழுப்பும் இரும்பும் ஒரு வகை, கரையாமல் தங்கிவிடும் துகள் இன்னொரு வகை. நானோ என்ற ஒரே பெயரால் இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

அந்தக் குழப்பத்தில் வியாபாரம் நடக்கிறது. பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தையிலும்) நேரடி விற்பனைக் கூட்டங்களிலும் நானோ தண்ணீர், நானோ வெள்ளிச் சொட்டு, நானோ ஸ்பிரே எல்லாம் வருகின்றன. இனிப்புநீர் தீரும், சிறுநீரகம் திரும்பும் என்று சொல்லி, பல நூறு ரிங்கிட்டுக்கு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி மருந்து எடுக்கும் குடும்பங்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற கோபத்தை எழுத்தில் அடக்க முடியவில்லை. வெள்ளித் துகள் பதித்த கட்டுத்துணி தீக்காயத்துக்கும் புண்ணுக்கும் வெளியே பயன்படும் உண்மையான மருத்துவப் பொருள். அதையே சொட்டாகக் குடித்தால் எந்த நோயும் தீராது. வெள்ளி தோலில் படிந்து நீலச்சாம்பல் நிறமாகிவிட்டால் அது திரும்ப மாறாது. கடையில் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவையோ பயனுள்ளவையோ அல்ல என்று அமெரிக்க மருந்துத் துறை 1999-லேயே அறிவித்துவிட்டது.

மலேசியாவில் மருந்தென்று விற்கப்படும் எதற்கும் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் வேண்டும், பெட்டியில் ஹோலோகிராம் முத்திரையும் வேண்டும். எண்ணின் கடைசியில் டி (T) என்ற எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து: பாதுகாப்பும் தரமும் பார்க்கப்பட்டிருக்கும், நோய் தீரும் என்பதற்கு அது சான்று அல்ல. இனிப்புநீர், சிறுநீரக நோய், புற்றுநோய் உள்ளிட்ட 20 நோய்களைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. அப்புறம், பொருளில் உண்மையிலேயே நானோ துகள் இருக்கிறதா என்று சோதித்துச் சான்று தரும் நானோவெரிஃபை திட்டமும் நாட்டில் இருக்கிறது. துகளின் அளவுக்கான சான்று அது. அந்தத் துகள் நோயைத் தீர்க்குமா என்பது வேறு கேள்வி.

நானோ மருந்து ஊசி வழியாக மட்டும் இந்தப் பட்டணத்துக்கு வரப்போவதில்லை, செம்பனைக்குள்ளும் வரும். கனோடெர்மா என்ற பூஞ்சை செம்பனையின் அடித்தண்டை அழுக வைத்து மரத்தையே சாய்த்துவிடும். புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூஞ்சைக்கொல்லியைக் கைட்டோசான் நானோ துகளில் அடைத்து அதற்கு எதிராகச் சோதித்து வருகிறார்கள். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் இந்தக் கைட்டோசானைத்தான் மனித மருந்துக்கான துகள்களுக்கும் ஆராய்கிறார்கள். குறைந்த மருந்தில் நிறைந்த பலன் கிடைத்தால் மண்ணுக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. ஆனால் நம் அம்மாக்களும் அத்தைகளும் முதுகில் பம்பைத் தூக்கிக்கொண்டு பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்த வரலாறு இங்கே இருக்கிறது. நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது. 2002-ல் அரசாங்கம் அதைத் தடைசெய்ய முடிவெடுத்தது, 2006-ல் தளர்த்தியது, முழுத் தடை 2020 ஜனவரி 1-ல்தான் வந்தது. இன்று அந்தப் பம்பைத் தூக்குகிறவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள்.

தெளிக்கும்போது மூச்சில் போகும் நானோ துகளும், மருத்துவர் அளந்து ரத்தக்குழாயில் ஏற்றும் நானோ துகளும் உடம்புக்கு ஒன்றல்ல. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகக்கூடியது முதலாவது. வேலையிடத்து ரசாயனங்களின் ஆபத்தை முதலாளி மதிப்பிட்டாக வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் விதிமுறைகள் சொல்கின்றன. நானோ வடிவப் பூஞ்சைக்கொல்லி தோட்டத்துக்குள் வருவதற்கு முன்பே, அந்த மதிப்பீட்டில் துகளின் அளவும் மூச்சில் போகும் அளவும் தனியாகக் கேட்கப்பட வேண்டும். விடை வங்காளத்திலும் இந்தோனேசிய மொழியிலும் தமிழிலும் பம்பின் மேலேயே ஒட்டப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் இதை இப்போதே கேட்கலாம்.